லவங்கன் லாயத்துக்கு வந்த விதம்

சைகோன்
4 நவம்பர் 1946

காக்கா அப்துல் முத்தலிப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நலம். நலம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன்.

நேற்று என் இத்தா முடிந்தது. மச்சான் மவுத்தான நாளிலிருந்து, விதவை இருக்கவேண்டிய நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்தவள், முதலில் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு லாயத்துக்குத்தான் போனேன். லவங்கன் நிற்கும் இடத்தில் பழைய சாக்குகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவன் கனைப்புச் சத்தம் கேட்கவில்லையே என்று நான் முன்பே சொல்லியனுப்பியபோது, மேய்ச்சலுக்காக தூ டுக்கில் உங்கள் நிலத்தில் விட்டிருப்பதாகப் பதில் அனுப்பினீர்கள். பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். மீதியை வண்டியோட்டும் இக்னாஸ்தான் சொன்னார்.

"உங்க காக்கா அவனுக்குக் காயடிச்சிட்டாரும்மா. பன்னிக்குக் காயடிக்கிற ஆளக் கூட்டிட்டு வந்து பண்ணாங்களாம்" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் என் புருஷனின் குதிரை. அவனைக் கொண்டு குட்டி எடுத்து, வயதான வண்டிக் குதிரைகளுக்குப் பதிலாக வளர்க்க வேண்டும் என்று மச்சான் நினைத்திருந்தது உங்களுக்கும் தெரியும். நான் வெளியே வரமுடியாத நாளாகப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள்.

அவனைத் திருப்பி அனுப்புங்கள்.

அமீர் நிஷா


தூ டுக்
9 நவம்பர் 1946

தங்கச்சி அமீர் நிஷாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பால் வண்டி லூயி உன் கடிதத்தைக் கொடுத்தார். கூடப்பிறந்த மூத்தவனுக்கு எழுதுகிற முறையா இது? உன் மச்சி மதார் பீவிக்கு வாசித்துக் காட்டவே எனக்கு வெட்கமாக இருந்தது.

உன் புருஷன் ஷம்சுல் ஆலம் இருந்தவரை அந்தக் குதிரையை அடக்க அவர் இருந்தார். அவர் போன பிறகு அது லாயக் கதவை உதைத்து உடைத்தது. எதிர்வீட்டுப் பெட்டைக் குதிரையைக் கண்டு கட்டை அறுத்துக்கொண்டு தெருவில் ஓடியது. பிள்ளைகள் விளையாடுகிற தெரு. ஆண் துணையில்லாத வீட்டில் அப்படி ஒரு மிருகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? வாப்பா காலத்திலிருந்து மாடு வைத்திருக்கிறவன் நான். காயடித்த காளை சாந்தமாகி ஏருக்கு வந்துவிடும். உன் நன்மைக்காகச் செய்தேன்.

இன்னொன்று. நாகூர் ஹாஜி முகம்மது உன்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஜவுளிக்காரர், மனைவி இறந்தவர், தொழுகையாளி. சைகோன் கடையை மூடிவிட்டு ஊர் திரும்புகிறார். சண்டை நடக்கிற ஊரில் நீ தனியாக வண்டித் தொழில் நடத்துவது எனக்குத் தலைகுனிவு. வண்டிகளை விற்றுவிட்டு, நிக்காஹ் முடிந்து, அடுத்த கப்பலில் நீ புறப்படுவதாகச் சொல்லிவிட்டேன்.

குதிரை மேய்ச்சலில்தான் நிற்கிறது. பிடிபட மாட்டேன் என்கிறது. பிடித்ததும் அனுப்புவது பற்றி யோசிக்கலாம்.

அப்துல் முத்தலிப்


சைகோன்
13 நவம்பர் 1946

காக்காவுக்கு,

என்னைக் கேட்காமல் சொன்ன வார்த்தையை நீங்களே போய்த் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஹாஜியார் நல்லவராகவே இருக்கட்டும். எனக்கு வேண்டாம்.

குதிரை விஷயம். கன்றாக இருக்கும்போதே காயடித்த காளையை வைத்து ஏழு வயதுக் குதிரையை எடைபோடுகிறீர்கள். வயது வந்தபின் காயடித்தால் சூடு தணியவே வாரக்கணக்கில் ஆகும். தணிந்த பிறகும் பழகிய பழக்கம் போகாது. பெட்டைகளை ஒன்றுசேர்த்து ஓட்டுவான், அவற்றுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் வந்து நிற்பான். அதற்காக அவனைக் கெட்டவன் என்று சொல்லக் கூடாது. குட்டி பிறக்காது, அவ்வளவுதான். அறிவும் ஞாபகமும் அப்படியே இருக்கும். யார் கயிறு போட்டுக் கீழே தள்ளினார்கள் என்பதும் தெரியும்.

புண் ஆறும்வரை தினமும் நடக்க வைத்தீர்களா? நடக்காவிட்டால் வீங்கிப்போகும். அதையாவது அந்தப் பன்றிக்காரர் சொன்னாரா?

பிடிக்கும் விதம் எழுதுகிறேன். நேருக்கு நேர் போகாதீர்கள். தோள்பக்கமாகச் சாய்ந்து, மெதுவாகப் போங்கள். தலைக்கயிற்றை முதுகுக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள், அது அவனுக்குத் தெரியும். தவிட்டு வாளியோடு உள்ளே போனால் எல்லாக் குதிரையும் சூழ்ந்துகொண்டு உங்களை மிதிக்கும். அவன் நகர்ந்தால் துரத்தாதீர்கள். தலை தூக்கி உங்களைப் பார்த்தால் உடனே நின்று, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அவனாக ஒரு அடி வைக்கும்வரை பொறுங்கள்.

பொறுமை உங்களுக்கு வருமா என்பது எனக்குத் தெரியாது.

அமீர் நிஷா


தூ டுக்
20 நவம்பர் 1946

அமீர் நிஷாவுக்கு,

உன் பாடத்தைப் படித்தேன். நீ சொன்னபடி ஒரு காலைப்பொழுது வெயிலில் நின்றேன். அது மேய்ந்துகொண்டே இருந்தது. பிறகு என் வழியில், பால்கறக்கிற ஆட்கள் நாலு பேரோடு கயிறு கட்டி வேலி ஓரமாக நெருக்கினேன். என் வலது தோளைக் கடித்துவிட்டு, வாய்க்காலைத் தாண்டி அடுத்தவர் நெல்லில் இறங்கியது. சாயங்காலம் என் பெட்டைகளைத் தேடித் தானாகத் திரும்பி வந்தது. தோள் இன்னும் நீலமாக இருக்கிறது. தொழுகையில் கை உயர்த்த முடியவில்லை.

ரப்பர் தோட்டத்துப் பக்கம் தினமும் துப்பாக்கிச் சத்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தார் வந்து மாடு, குதிரை எல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். வெளியில் நிற்பதை அவர்கள் ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று பேச்சு. போகட்டும், எனக்குத் தொல்லை விட்டது என்று இருப்பேன்.

நீ அவ்வளவு கெட்டிக்காரி என்றால் நீயே வந்து பிடி. யாருடைய உதவியும் இல்லாமல் பிடித்துவிட்டால் குதிரை உனக்கு, ஹாஜியார் பேச்சை நான் எடுக்க மாட்டேன். பிடிக்க முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு கப்பல் ஏறு.

அப்துல் முத்தலிப்


தூ டுக்
27 நவம்பர் 1946

அமீர் நிஷாவுக்கு,

நேற்று நான் சைகோனில் ஹாஜியாரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நீ இங்கே வந்து குதிரையைக் கொண்டுபோயிருக்கிறாய். வீட்டு ஆண்பிள்ளை இல்லாத வேளையில் வந்து எடுத்துப் போவதற்கு என்ன பெயர்? மதார் பீவியைக் கேட்டால் தலைவலி, படுத்திருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்கிறாள். பதினேழு வருஷத்தில் அவளுக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததில்லை.

நான் பார்க்காததை நான் ஒப்புக்கொள்ள முடியாது. ஆட்களை வைத்துப் பிடித்திருப்பாய். ஹாஜியாருக்குக் கொடுத்த வார்த்தை அப்படியே இருக்கிறது.

அப்துல் முத்தலிப்


சைகோன்
1 டிசம்பர் 1946

காக்காவுக்கு,

வரச்சொன்னது நீங்கள். அந்த நேரத்தில் வீட்டை விட்டுப் போனதும் நீங்கள். போனது என்னைக் கப்பலேற்றும் பேச்சுக்காக என்று இப்போது உங்கள் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். பார்க்கவில்லை என்கிறீர்களே, நடந்ததைக் கேளுங்கள்.

லூயியின் காலி வண்டியில் வந்தேன். பாலத்துச் சாவடியில் துப்பாக்கியோடு நின்ற ஒரு சோல்தா வண்டியை நிறுத்தி, எங்கே போகிறாய் என்றான். என் குதிரையைக் கூட்டிவர என்றேன். சிரித்துவிட்டு வழி விட்டான்.

உங்கள் வாசலில் மச்சி நின்றுகொண்டிருந்தார்கள். "வந்துட்டியா புள்ள? அவுக இல்ல. உள்ள வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போ" என்றார்கள்.

"வந்த வேலை முடியட்டும் மச்சி."

"அந்தக் குதிர அவுகளயே கடிச்சிருச்சு. ஒன்னயும் கடிச்சா நான் என்னா பண்ணுவேன்?"

"கடிச்சா கடிச்சிட்டுப் போறான். நான் வரல்லன்னா பட்டாளத்துக்காரன்ல கொண்டுபோவான்."

நான் மேய்ச்சல் வேலிக் கதவைத் தாண்டி உள்ளே போனேன். லவங்கன் கோடியில் நின்றான். இளைத்திருந்தான். உங்கள் பெட்டைக் குதிரைகள் மூன்றையும் தன் பின்னால் நிறுத்தி வைத்திருந்தான். என்னைக் கண்டதும் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பாதி தூரம் பாய்ந்து வந்தான். காக்கா, எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மச்சி வேலிக்கு வெளியே யா அல்லாஹ் என்று கத்தியது கேட்டது. நான் ஓடவில்லை, அவன் பக்கம் போகவுமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

அவன் நின்றான். நான் இரண்டடி விலகினேன். எத்தனை முறை அப்படி நடந்தது என்று எண்ணவில்லை. சேலை முழுக்கப் புல்லின் ஈரம். ஒருமுறை தூரத்தில் வேட்டுச் சத்தம் கேட்டு எல்லாம் சிதறி ஓடின. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

பிறகு அவனை விட்டுவிட்டேன். உங்கள் வெள்ளைப் பெட்டைக்குத் தலைக்கயிறு போட்டேன், அது சாது. அதை நடத்திக்கொண்டு கதவுக்குப் போனேன், திரும்பிப் பார்க்காமல். பின்னால் குளம்புச் சத்தம் வந்தது. நான் நின்றதும் அதுவும் நின்றது. கழுத்துக்குப் பின்னால் சூடான மூச்சு. மெதுவாகக் கையை நீட்டி, பிடரி முடிகிற இடத்தில் சொறிந்துவிட்டேன். மச்சான் சொறிகிற இடம் அது. அவன் தலையைத் தாழ்த்தி, என் தோளில் வைத்தான். உங்களைக் கடித்த அதே பக்கம். கயிற்றை மாட்டிவிட்டு, வெள்ளைப் பெட்டையை மறுபடி உள்ளே விட்டேன்.

அப்போதுதான் தழும்பைப் பார்த்தேன். கோணல்மாணலாக, சாக்குத் தைத்ததுபோல் இருக்கிறது. அதைப் பார்த்தபடி நான் அழுதேன். மச்சானின் மையத்தை அடக்கக் கொண்டுபோன அன்றுகூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை.

இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, சைகோன் வரை நடந்தேன். மச்சிக்குத் தலைவலி இல்லை. கதவைத் திறந்துவிட்டது அவர்கள்தான். கதவு திறப்பது உதவி என்றால் பந்தயத்தில் நான் தோற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் மட்டும் ஏற மாட்டேன். ஹாஜியார் வீட்டுக்கு நானே போய், அவர் தங்கையிடம் சொல்லிவிட்டேன். ஹாஜியார் உங்கள்மேல்தான் வருத்தப்பட்டாராம்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

அமீர் நிஷா


தூ டுக்
18 ஜனவரி 1947

அமீர் நிஷாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதவேண்டியதாகிவிட்டது.

நேற்று பட்டாளம் மாடுகளையும் மூன்று குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டது. கறவை மாடு, கன்றுக்குட்டி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். துப்பாக்கிக் கட்டையால் தள்ளினான். ரோட்டோரத்து வீடுகளை இந்த வாரத்துக்குள் காலி செய்யவேண்டுமாம். முன்வாசல் கொட்டகையை இன்றே கொளுத்திவிட்டார்கள். லூயியின் வண்டிக்கு இழுக்கக் குதிரை இல்லை. இதை அவர் நடந்து கொண்டுவருகிறார்.

மதார் பீவியையும் பிள்ளைகளையும் உன் வீட்டில் வைத்துக்கொள். அவர்கள் உனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. நான் வரவில்லை. எனக்கு வேறு இடம் இருக்கிறது.

அப்துல் முத்தலிப்


சைகோன்
19 ஜனவரி 1947

காக்காவுக்கு,

உங்களுக்கு வேறு இடம் இல்லை. லூயி சொல்லிவிட்டார்.

நாளைக் காலை இக்னாஸ் பெரிய வண்டியைக் கொண்டுவருகிறார். லவங்கன்தான் இழுத்து வருவான். இப்போது தினமும் வண்டிக்குப் போகிறான். தெருவில் பெட்டைக் குதிரையைக் கண்டால் கழுத்தை வளைப்பான், இக்னாஸ் ஒரு சத்தம் கொடுத்தால் நடையைத் தொடர்வான். மச்சியும் பிள்ளைகளும் ஏறட்டும். பெட்டி இரண்டுக்கு மேல் வேண்டாம், சாவடியில் பிரிப்பார்கள். முன்கட்டு அறையைக் கழுவி வைத்திருக்கிறேன்.

நீங்களும் ஏறுங்கள். அவன் முன்னால் போகாதீர்கள், உங்கள் குரலும் கேட்க வேண்டாம். பின்பக்கமாக ஏறி, கடைசிப் பலகையில் உட்காருங்கள். இங்கே வந்த பிறகும் லாயத்துப் பக்கம் வரவேண்டாம், என் முன்னால் அவனுக்குச் செய்ததைப் பற்றிப் பேச்செடுக்கவும் வேண்டாம்.

தங்கச்சி மனசு இளகிவிட்டது என்று மச்சி சொல்வார்கள். நம்பாதீர்கள். வண்டியில் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அமீர் நிஷா