வாமதேவன் எந்த ஊர்

அன்பு மகள் தக்ஷிகாவுக்கு,

மெல்பேர்னில் நீயும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நாங்கள் சுகம், அப்பாவின் முழங்கால்தான் சொல்வழி கேட்பதில்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே, காரணம் இருக்கிறது.

நாங்கள் பொரித்துக் கொடுக்கும் மிக்சரை வாங்கும் அந்தப் பெரிய கொம்பனி எட்டு மாதமாகக் காசு தராமல் இழுத்தடிப்பது உனக்குத் தெரியும். இன்னும் இழுத்தால் இங்கே லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். முறைப்பாடு செய்வோம் என்று நான் எழும்பும் போதெல்லாம் அங்கே கணக்குப் பகுதியில் இருக்கும் வாமதேவன் போன் எடுத்து, "அக்கா, கொஞ்சம் பொறுங்கோ, நான் பாக்கிறன்" என்பான். தமிழ்ப் பிள்ளை, அவனுடைய வேலைக்கு உலை வைக்கக்கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ எங்கே இருக்கிறாய், என்ன வேலை என்றெல்லாம் அக்கறையாகக் கேட்பான், நானும் விசரி மாதிரி எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

மூன்று கிழமைக்கு முன் பட்டறையில் மத்தியானம் சாப்பிடும்போது, அந்தப் பெடியன் எங்கள் கரவெட்டிக்குப் பக்கம் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அப்பா, "எனக்கு வேலணை எண்டெல்லோ சொன்னவன்" என்றார். எங்கள் ஆட்கள் எந்த ஊர் என்று கேட்காமல் விடுவோமா? பொதி கட்டும் அஜித்தாவுக்கு அவளுடைய ஊரையே சொல்லியிருக்கிறான். ஒரே ஆளுக்கு மூன்று ஊரா என்று மூன்று பேரும் சோற்றுக் கையோடு எழும்பிவிட்டோம்.

அன்றே சிறு வியாபாரிகளுக்காக அரசாங்கம் வைத்திருக்கும் கமிஷனரின் அலுவலகத்துக்கு முறைப்பாட்டை அனுப்பினேன். போன திங்கள் அங்கிருந்து ஒரு பெண் போன் எடுத்து, கொம்பனியை விசாரித்ததாகவும் அப்படி ஒருவர் அங்கே ஒருநாளும் வேலை செய்யவில்லை என்று பதில் வந்ததாகவும் சொன்னாள். உடனே அவனுடைய நம்பருக்கு அடித்தேன். முதல் மணியிலேயே, "சொல்லுங்கோ அக்கா" என்றான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை, மூச்சுக்கூட இல்லை. பயத்தில் வைத்துவிட்டேன். இப்போது கம்ப்யூட்டரே மனிசரைப் போலப் போனில் பேசுமாம் என்றாள் அஜித்தா.

நேற்று மத்தியானம் நீ போன் எடுத்தாய். "அம்மா, கமிஷனரிட்டைக் குடுத்ததைத் திருப்பி எடுங்கோ, எங்களுக்கு ஏன் வீண் வம்பு" என்றாய். உன் குரல்தான், பேசுமுன் தொண்டையைச் செருமுவாயே, அதுகூட இருந்தது. ஓம் பிள்ளை என்று சொல்லி வைத்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. முறைப்பாடு கொடுத்ததை நான் உனக்குச் சொல்லவே இல்லை, மகள்.

அதை நான் திருப்பி எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். பிள்ளையார் உங்கள் இருவருக்கும் துணையாக இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. பதிலை மட்டும் மறக்காமல் உன் கையாலேயே எழுதி அனுப்பு. அது வரும்வரை நீ அழுதுகொண்டு கூப்பிட்டாலும் இந்த அம்மா போனை எடுக்கமாட்டாள்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா சிவகௌரி