இடது ஃபோர்க்கில் விளக்கெண்ணெய்

அண்ணா,

நீ இல்லாதபோது உனக்கு எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். பக்கத்தில் இருந்தவரை உன்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், இப்போது காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் விளக்கெண்ணெய் வாசம் போகவில்லை. அது உன் மோட்டார் சைக்கிளிலிருந்து ஒட்டிக்கொண்டது.

வண்டியை விற்றுவிடலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். ரிஷிவந்தியத்திலிருந்து பார்க்க வந்தவர் ஹேண்டில்பாரைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். முன்சக்கரத்தை இரு பக்கமும் தாங்கும் ஃபோர்க் உள்ளே இறங்கி, மேலே வராமல் அப்படியே சிக்கிக்கொண்டது. ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களை மாற்றிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள் என்று போய்விட்டார். டெம்போவில் ஏற்றி, கள்ளக்குறிச்சியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் காசி அண்ணனிடம் கொண்டுபோனேன். உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். நீ காய்ச்சலில் இறந்துபோன பிறகு நம் வாசற்படி மிதிக்காதவர்.

வண்டியைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். "வுட்டுட்டுப் போ பாப்பா, சாயங்காலம் வந்து எடுத்துக்கோ" என்றார். கழற்றவே வேண்டாம், மேலாகக் கொஞ்சம் ஆயில் விட்டால் போதும் என்றும் சொல்லிப் பார்த்தார். சீல் கிழிந்த ஃபோர்க்கைக் கழற்றாமல் எப்படிச் சரிசெய்வார்? நான் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன். "உனுக்குப் பேச வரலன்னா இன்னா, பாக்க வருதில்ல" என்பாயே. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முன்சக்கரத்தைக் கழற்றினார். ஃபோர்க்கின் வலது குழாய்க்காலை உருவி, கறுத்த ஆயிலைத் தட்டில் வடித்து, உள்ளிருந்த வளையக் கிளிப்பை எடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் பழைய சீலை நெம்பினார். புது சீலின் உதட்டில் ஆயில் தடவி, கோணாமல் தட்டி இறக்கினார். எல்லாம் வேகமாக நடந்தது. இடது காலுக்கு வந்ததும் டீ குடிக்கப் போனார். வந்தவர் யாருடைய வண்டியிலோ செயின் இறுக்கினார். நான் நகரவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்த நாட்கள் நினைவிருக்கிறதா, உனக்கு நினைவில்லாமல் எப்படி? நம் களமருதூரிலிருந்து நீ வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். மறுநாள் விடியலில் போலீஸ் வந்து, மரம் வெட்டியவர்களில் வீட்டில் படுத்திருந்த மூன்று பேரை இழுத்துப் போனது. அன்று மாலை நீ திரும்பினாய். மலை மேலிருக்கும் கரியாலூருக்குப் போயிருந்தேன் என்றாய். யாரோடு என்று அம்மா கேட்டதற்கு, "அது வோணாம்மா" என்றாய். அவ்வளவுதான். நீதான் காட்டிக்கொடுத்தாய் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. "ரோடு பூரா மரம் கெடக்குது, வண்டி மலைக்குப் பறந்துகினு போச்சா?" என்று கிணற்றடியில் கேட்டுச் சிரித்தார்கள். அன்றிலிருந்து நம் ஊர் நடவுக் கூட்டத்தில் அம்மாவைச் சேர்ப்பதில்லை. இன்றும் பொழுது விடியுமுன் அடுத்த ஊர் வயலுக்கு நடக்கிறாள். அந்தப் போராட்டத்தில் கிடைத்த ஒதுக்கீட்டில்தான் எனக்குக் கல்லூரியில் இடம் வந்தது. பட்டத்தை வாங்கி வந்த அன்றும் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் இடது காலைத் திறந்தார். ஆயில் வடியவில்லை, வெல்லப்பாகுபோல மஞ்சளாக ஏதோ மெல்ல இறங்கியது. விரலில் தொட்டு முகர்ந்தேன். மெக்கானிக் யாரும் ஃபோர்க்கில் விடாத எண்ணெய்.

"இதுல யாருண்ணே வெளக்கெண்ண ஊத்தனது?"

தலையைத் தூக்காமல், வளையக் கிளிப்பை நெம்பி எடுத்துக்கொண்டே சொன்னார்: "மலை மேல வேற எண்ண இன்னா கெடைக்கும் பாப்பா. ரோட்ல கெடந்த மரத்து மேல வண்டியத் தூக்கிப் போட்டதுல சீல் பூட்ச்சி. ஒரு வூட்ல வெளக்குக்கு வெச்சிகினு இருந்தாங்க, அத்த வாங்கி..."

அதோடு அவர் கை நின்றது. கிளிப் கீழே விழுந்தது. வெகு நேரம் தேடினார். அவர் செருப்பின் ஓரத்திலேயே கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

அண்ணா, நீ பொய் சொல்லவில்லை. உன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனவர் அவர். ஆனால் அதோடு என் மனம் ஓயவில்லை. போலீஸ் வரும் என்று தெரியாத மூன்று பேர் வீட்டில் தூங்கினார்கள். அவருக்கு மட்டும் முந்தின நாளே எப்படித் தெரிந்தது? பயத்தில் ஓடினாரா, சொல்லிவிட்டு ஓடினாரா? உன்மேல் பழி விழுந்தபோது வாயைத் திறக்காததற்கு வெறும் பயம்தான் காரணமா? உன்மேலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. தெரிந்தே ஏற்றிப் போனாயா, அல்லது உன்னையும் ஏமாற்றினாரா?

 கிழிந்த இடது சீலை மட்டும் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே கையைத் துணியில் துடைத்தார். இப்போது அது என் பைக்குள் இருக்கிறது. பை முழுக்க அந்த வாசம்தான்.

இனி, இதுவரை கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிடுகிறேன். அவர் காட்டிக்கொடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாது. உன்னோடு மலையில் இருந்தார் என்பது தெரியும். பெயரைச் சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தால் அது உன் வாக்கு, என்னுடையது இல்லை. ஆனாலும் உன்னைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. அடுத்த நடவுக்குக் கூட்டம் சேரும்போது, நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் இருக்கும் அந்த வரப்பில் நின்று, அந்தப் பெயரை நான் சொல்லட்டுமா?