இன்னிக்கு உன் முறை

மனநல ஆலோசகரான மனைவி வேலைக்குப் போனதும், பஸ் டிரைவரான கணவர் பெட்டியைக் கட்டிவிட்டுச் சீட்டு எழுதினார்:

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சாவி செருப்பு ஸ்டாண்டுல இருக்கு. நான் இனி வரமாட்டேன். எங்கண்ணன் செத்த மூணாம் நாள் நான் அழுதப்போ, 'துக்கத்த விரட்டாதீங்க, பக்கத்துல உட்கார வைங்க'ன்னு பாடம் நடத்திட்டு நீ ஆபீசுக்குப் போயிட்ட. இன்னிக்கு உன் முறை. நல்லா உட்கார வெச்சுக்கோ.

நாலு மணிக்கு உங்கம்மா வர்றாங்க. மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டா, நீயே உன் வாயால சொல்லு."

படித்துப் பார்த்தார், திருப்தியாக இருந்தது. ஆனால் கை தானாக அடியில் நெருக்கி எழுதியது: "கண்ணுக்குச் சொட்டு மருந்து போட மறந்துடாத."

இந்தக் கரிசனம் ஒரு கேடா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அடித்துவிடப் பேனாவை எடுத்தார். முடியவில்லை. பாசம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.