கங்கைக் கரையில் கட்டிய கம்பியும் நான் சுற்றிய பாலுனும்

என் தங்கையைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு என்னையும் கட்டிக்கொண்டு அழுத அருமை மாப்பிள்ளைக்கு,

எல்லாம் நான் அப்போதே சொன்னதுதான். டிராமில் தொங்குகிறவன் சட்டைப்பையில்கூட ஒருநாள் டெலிபோன் இருக்கும் என்றேன், இருக்கிறது. உங்கள் மகள் மலர் உங்களைப்போலவே அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதித் தேறுவாள் என்றேன், போன மாதம் தேறிவிட்டாள். நீங்கள் இத்தனை சீக்கிரம் போய்விடுவீர்கள் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அதையும் சொன்னதாகத்தான் இந்தக் கல்கத்தா பவானிபூர் முழுக்கப் பேசிக்கொண்டு திரிகிறேன்.

துறைமுகக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு என் தங்கை சரசுவும் மலரும் சென்னைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு அதே ஒற்றை அறை. காலையில் ஆற்றில் லாஞ்ச் படகு ஏறி ஹவுரா பட்டறைக்குப் போய் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறேன், சாயங்காலம் திரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் போனில் மலர் கூப்பிட்டால் தமிழ். மற்ற நாளில் தமிழ் பேச அரிசிக் கடைக்காரர் ஒருவர்தான் இருக்கிறார். அவரும் பொன்னியா, புழுங்கலா என்பதைத் தாண்டி வாயைத் திறப்பதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிற தமிழ்ச் சங்கத்தில், ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எட்டாவதோடு நின்றவன் எழுதலாமா என்று கேட்டேன். "பேசுற மாதிரியே எழுதுங்க அண்ணாச்சி" என்றார்கள். பேச்சுக்கா எனக்குப் பஞ்சம்?

குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் ஏரியல் கட்டக்கூடாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதனால்தானே நீங்கள் ரேடியோ செட்டையும் பேட்டரியையும் கம்பிச் சுருளையும் பையில் போட்டுக்கொண்டு ஞாயிறுதோறும் வெட்டவெளி தேடிப் போனீர்கள். அனுமதிக் கடிதம் பிளாஸ்டிக் உறையில் இருக்கும். பை தூக்க நான்.

ஒருமுறை நீங்கள் மைக்கை வாயருகே கொண்டுபோனதும் உதட்டில் சுரீரென்று கடித்தது. "இது பாலுன் இல்லாத கோளாறு மச்சான். கம்பி காவடி மாதிரி, ரெண்டு பக்கமும் சமம். கீழே வர்ற கேபிள் அப்படி இல்லே, உள்ளே ஒரு கம்பி, வெளியே ஒரு உறை. ரெண்டையும் நேரா முடிஞ்சா கரண்டு உறை மேலேயே நடந்து கைக்கு வந்துடும். நடுவுல ஒரு பாலுன் போட்டா வராது" என்றீர்கள்.

"காயில்தானே? சுத்துறதுல இந்தக் கல்கத்தாவுல என்னை விட்டா ஆள் யாரு?"

"ஒண்ணுக்கு ஒண்ணு சுத்துங்க, போதும்" என்றீர்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்றால் கொடுத்ததையே திருப்பிக் கொடுப்பது, அதில் என்ன பெருமை? நாலு மடங்காகப் போகட்டும் என்று நாலுக்கு ஒன்றாகச் சுற்றினேன். கறுப்பு ஃபெரைட் வளையத்தில் மயிரிழை விலகாமல் சுற்றி, வார்னிஷ் கொடுத்து, சோப்பு டப்பாவில் அடைத்தேன். பட்டறையில் எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

அதன்பிறகு ஒரு ஞாயிறு. ஹவுரா தாண்டி, கங்கைக் கரையில் செங்கல் சூளைத் திடல். நைலான் கயிற்றில் பூட்டைக் கட்டி இலவ மரத்தின் மேல் வீசினேன். முதல் வீச்சிலேயே உச்சிக் கிளை. (சரி, ஐந்தாவது வீச்சு.) கொய்யாப்பழம் விற்பவன் கூடையை இறக்கிவிட்டு, "கீ தாதா, ஆகாஷே மாச் தோர்ச்சேன்?" என்றான், வானத்தில் மீனா பிடிக்கிறீர்கள் என்று. "இலங்கை மீனே வரும், நின்னு பாரு" என்றேன்.

வந்ததே! கண்டியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அங்கே மழை என்றார். உங்கள் குரல் அடுத்த அறையிலிருந்து பேசுகிறமாதிரி கணீரென்று கேட்கிறது என்றார். நீங்கள் என் பக்கம் திரும்பி, "உங்க பாலுன்தான் மச்சான்" என்றீர்கள். நாலாம் நாள் ஆபீஸ் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டீர்கள்.

மூன்று நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள் மலர். "கடைசியா போனப்போ பாபாகிட்ட யாராவது பேசினாங்களா மாமா?" என்று கேட்டாள், வங்காளிப் பிள்ளைகள் மாதிரி உங்களைப் பாபா என்றே கூப்பிட்டு வளர்ந்தவள். கண்டி வாத்தியார் கதையைச் சொன்னேன். எழுந்து வந்து சாப்பிட்டாள்.

போன ஞாயிறு போனில் மலரின் குரலே வேறு மாதிரி இருந்தது.

"மாமா, பாபாவோட லாக் புக் டிரங்குல கிடைச்சுது. அந்த வாத்தியாருக்கு நான் கார்டு அனுப்பணும்." பேசியதற்குச் சாட்சியாகத் தபாலில் அட்டை அனுப்பிக்கொள்வது உங்கள் கூட்டத்து வழக்கமல்லவா? "அவர் பேர் இதுல இல்லியே. டைம் இருக்கு, பாபா கூப்பிட்டது இருக்கு. பதில் கட்டம் காலி."

"உங்கப்பாவுக்கு சந்தோஷத்துல கை ஓடலேம்மா."

"ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கார். 'மச்சான் சுற்றியது. சொல்ல வேண்டாம்'னு. என்ன சொல்ல வேண்டாம்?"

"நல்லாயிருக்குன்னு சொல்லக்கூடாது, கண்ணு பட்டுடும்னு."

அவள் சிரிக்கவில்லை. "மீட்டர் ஊசி எங்கே நின்னுது மாமா? ஞாபகம் இருக்கா?"

"சிவப்புல! முழுப் பலம்!"

"தூர், போங்க மாமா, சிவப்புன்னா பவர் வெளியே போகாம செட்டுக்கே திரும்பி வருதுன்னு அர்த்தம்." லாக் புக்கைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அப்போ அந்த வாத்தியாருக்கு எப்படிக் கேட்டுது?" என்றாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

என் நாலுக்கு ஒன்று பாலுனால் ஊசி சிவப்புக்குப் போனதை நீங்கள் பார்த்தீர்கள். என் டப்பா வருவதற்குள் அவசரத்துக்கு நீங்களே சுற்றிவைத்த ஒன்றுக்கு ஒன்று பாலுன் உங்கள் பையிலேயே இருந்தது, பை என் மடியில் இருந்தது. மாற்றியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. கொய்யாக்காரனிடம் நான் அளந்துகொண்டிருந்த அளப்பைக் கேட்டுக்கொண்டே, சக்தியைக் குறைத்துவைத்து, அந்த ஊமைக் கம்பியிலேயே சாயங்காலம் வரை கூப்பிட்டீர்களே, ஏன் மாப்பிள்ளை? எப்போதும்போல ஒரு அதட்டல் போட்டிருக்கக் கூடாதா? உங்கள் கடைசி ஞாயிறு என்று தெரிந்திருந்தால் போட்டிருப்பீர்களா?

மலர் கண்டிக்கு விசாரித்துக் கடிதம் எழுதப் போகிறாளாம். இல்லாத ஆளின் பதிலுக்கு எத்தனை நாள் காத்திருப்பாள்? உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுவிடுமோ என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. இந்த ஆண்டு மலர் அச்சாகி அவள் கைக்குப் போவதற்குள் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன், இது சத்தியம். வருகிற ஞாயிறு அவள் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நானே எஸ்.டி.டி. பூத்துக்குப் போவேன். "மலரு, அன்னிக்குக் கண்டியிலேருந்து யாரும் பேசலே. அந்த வாத்தியாரை மாமாதான் உண்டாக்கினேன். உங்கப்பா கூப்பிட்டுக்கிட்டே இருந்தார், யாருக்கும் கேக்கலே" என்று சொல்வேன்.

சரசுவின் அண்ணன், மலரின் மாமா,
உங்கள் மச்சான்