மடையில் கிடந்த சிவப்புக் கோட்டு

அன்பு மகள் குன்செஸுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகம், மனசுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பெங்களூரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ அனுப்பிய சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போட்டோ அனுப்பச் சொல்லி மூன்று தடவை கேட்டுவிட்டாய், நானும் ஏதேதோ சாக்குச் சொன்னேன். ஊரிலிருந்து வருகிற யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷம் ஊர் கூடி என்னைச் சுர்பொன்னாக வைத்தது உனக்குத் தெரியும். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது என் வாய்ச்சொல்தான். மலையில் பனி குறைவு, ஓடை இளைத்துவிட்டது. கீழே சிந்து நதி இரைந்துகொண்டு ஓடி என்ன, அதை இந்த மேட்டுக்கு யார் ஏற்றுவது. நம் பார்லி வாடுவதை நாலு நாள் பார்த்தேன், ஐந்தாம் நாள் புத்தி கெட்டது. அன்று யங்டோலின் முறை. புருஷன் போனபின் ஒண்டியாகப் பயிர் வைக்கிறவள். அவள் மத்தியானம் சாப்பிடப் போன நேரம் அவள் மடையை அடைத்துத் தண்ணீரை நம் பக்கம் திருப்பினேன். அவசரத்துக்குப் புல்கட்டி அகப்படவில்லை, தோளில் கிடந்த கோட்டுக்குள் கல்லை வைத்து, பட்டனைப் போட்டுத் திணித்தேன். நம் வயல் நனைந்த சந்தோஷத்தில் அதை எடுக்க மறந்து வீட்டுக்கு வந்து உப்புத் தேநீர் குடித்தேன்.

சாயங்காலம் ஊர்க்கூட்டத்துக்கு அவள் அதைச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தாள். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று சொன்னேன். ஏண்ணே, காத்து பட்டனையும் போட்டுட்டு உள்ள கல்லும் வெச்சுட்டுப் போச்சா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கம் என்னைத் தின்றது, இன்னும் தின்கிறது.

மறுநாள் வழக்கப்படி பார்லியில் காய்ச்சிய சாங் கள்ளும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். குடத்தில் சாங் ஊற்றித் தர மாட்டேனென்று உன் அம்மா சொல்லிவிட்டாள், நானே ஊற்றிக்கொண்டேன். யங்டோலின் இரண்டு பாத்தி காய்ந்து போனது போனதுதான். நம் களத்திலிருந்து ஈடாகத் தருகிறேன், பொறுப்பையும் விட்டுவிடுகிறேன் என்றேன். அவள் கோட்டைத் துவைத்துக் காயவைத்திருந்தாள். பார்லியைக் குடுங்க, வேலையை விட வேணாம், ஆனா இனி மடைக்கு வர்றப்பல்லாம் இதைப் போட்டுக்கிட்டு வாங்க, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு எங்களுக்குத் தூரத்துலயே தெரியணும் என்று சொன்னாள். ஊரும் அதுதான் சரி என்றது.

புத்தர் அருளால் நீ நன்றாக இரு. வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ. நீ கேட்ட போட்டோ இத்துடன் இருக்கிறது, வாத்தியார் வாய்க்கால் கரையில் எடுத்தார். கோட்டு அளவாகத்தான் இருக்கிறது அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா முருப்