உன் காதுக்கு ஒன்றுமில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், மாமா நலம், நானும் நலம், என் காது மட்டும் எப்போதும் போல அதன் போக்கில் இருக்கிறது. உன் காதுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன், அதனால் இந்த முறை உன் நலம் கேட்டு எழுதவில்லை, தெரிந்துகொண்டு எழுதுகிறேன். எல்லாரும் போனிலேயே பேசி முடிக்கிற காலத்தில் உன் அப்பா மட்டும் ஏன் பேனாவைத் தூக்குகிறார் என்று உன் அறைத் தோழி கேட்டாளாம். சொல்லிவிடு, அந்தப் போனை என் காதில் வைப்பதும் ஒன்றுதான், டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவதும் ஒன்றுதான்.

போன வாரம் நீ அழுதுகொண்டே அம்மாவிடம் பேசினாயே, அப்போது நான் பட்டறையில் ஹாஸ்டலுக்குப் போகிற ஒரு பிள்ளைக்குப் பெட்டி அடிக்கத் தகட்டில் அளவு குறித்துக்கொண்டிருந்தேன். அம்மா போனைக் காதில் வைத்தபடியே வந்து என் முன்னால் நின்றாள். எனக்குச் சத்தம்தான் வராது, முகம் நன்றாகவே வரும். என்ன என்னவென்று நான் கேட்க, அவள் வாயைத் திறந்து சொல்ல முடியாமல், நான் கோடு போடுகிற சாக்குக்கட்டியைப் பிடுங்கி அந்தத் தகட்டின் மேலேயே எழுதினாள், "பாப்பா நர்சிங் படிப்பை விட்டுட்டு வரப்போறாளாம்." அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. பிரஷர் பார்க்கிற பாடத்தில் உனக்கு ஏதோ கஷ்டம் என்று மட்டும் ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொன்னாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, அதிகாலை டியூட்டி உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இல்லையென்றால் புண்ணைப் பார்த்துப் பயந்திருப்பாய் என்று நினைத்தேன். வீட்டில் ஒரு டம்ளர் கழுவச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற பெண், அங்கே போய்ப் பெட்பேன் கழுவுகிறாள் என்று உன் அம்மா ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள், அந்தப் பெருமைக்குக் கண் பட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

உண்மையை உடைத்தது உன் மாமாதான். அவன் வாயில் ஒன்றும் நிற்காது என்று உனக்கே தெரியும், பஸ் ஓட்டுகிறவன், பிரேக் எல்லாம் காலில்தான் இருக்கிறது, வாயில் இல்லை. உன்னை அழைத்துவர லீவு சொல்லிவிட்டு நேரே பட்டறைக்கு வந்தான். வந்தவன் என் வலது காதுப் பக்கம் குனிந்து கத்தினான், "மச்சான், அவளுக்கும் உங்கள மாதிரி காது போயிடுச்சோன்னு பயப்படுறா, அப்பாவுக்கு எந்த வயசுல காது போச்சுன்னு அக்காகிட்ட கேட்டாளாம்." பாப்பா, அது எனக்கு ஒரே தடவையில் கேட்டுவிட்டது. பக்கத்து மெக்கானிக் கடைக்கும் கேட்டிருக்கும். சுத்தியலைக் கீழே வைத்தவன்தான், அன்றைக்கு முழுக்க மறுபடி எடுக்கவில்லை. நான் உனக்கு என் மூக்கைக் கொடுத்தேன், என் முன்கோபத்தைக் கொடுத்தேன், அதற்கே நீ என்னைத் திட்டுவாய். இதையும் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் எல்லாவற்றையும் அம்மாவிடம் துருவிக் கேட்டேன். பயிற்சிக் கூடத்தில் தோழிகள் கையில் பிரஷர் பட்டையைக் கட்டி ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தபோது துடிப்பு லேசாகக் கேட்டதாம், வார்டுக்குப் போனதும் மின்விசிறிச் சத்தத்திலும் தள்ளுவண்டிச் சத்தத்திலும் ஒன்றுமே கேட்கவில்லையாம், முள் துடிக்கிற இடத்தைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாகச் சொல்லிச் சமாளித்தாயாம். மற்றப் பிள்ளைகள் டக் டக் என்று கேட்கிறது என்று சொல்லும்போது நீயும் ஆமாம் என்று தலையாட்டினாயாம். தலையாட்டினாய் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அது யாரிடம் கற்ற வித்தை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனேன். ஆமாம், நானேதான். நீயும் அம்மாவும் எத்தனை தடவை கெஞ்சினீர்கள், செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்லிவிட்டு அம்மாவே நாக்கைக் கடித்துக்கொள்வாளே, அந்த நான். டாக்டர் சின்ன வயசுக்காரர், என் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வெகுநேரம் பொத்தானுக்கு வேலையே இல்லை. வெளியே வந்ததும் நான் என் காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, "இது பிள்ளைகளுக்கும் வருமாங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் என் தொழில் என்ன, எத்தனை வயதிலிருந்து தகரம் அடிக்கிறேன் என்றெல்லாம் விசாரித்துவிட்டு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார், இது சுத்தியல் கொடுத்த செவிடு, பரம்பரை இல்லை, உங்கள் மகள் பயப்பட வேண்டாம் என்று. அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை நான். அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும் என்று நர்ஸ் வந்து நின்ற பிறகுதான் விட்டேன். அந்த நர்ஸும் உன் வயதுதான் இருப்பாள்.

அன்று சாயங்காலமே உன் இரண்டாவது போன் வந்தது. அம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை, அவள் முகத்தைப் படிப்பதில் நான் தடுமாறியது அதுதான் முதல் தடவை. மறுபடி சாக்குக்கட்டியை எடுத்து, முதலில் எழுதியதற்குக் கீழேயே "காது நல்லா இருக்கு, மாட்டினதுதான் தப்பு" என்று எழுதினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவள் உட்கார்ந்து, கையாலும் வாயாலும் நிதானமாகச் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து வந்த பெரியவர் ஒருவருக்கு நீ பிரஷர் பார்க்கப் போனது, ஒன்றும் கேட்காதது, முன்னால் பார்த்தவள் எழுதிவைத்த எண்ணையே திரும்ப எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தது, அப்புறம் மனசு கேட்காமல் வார்டு சிஸ்டரிடம் போய், "எனக்குக் கேக்கல சிஸ்டர், எனக்குக் காதே கேக்கலன்னு நினைக்கிறேன்" என்று சொன்னது. சிஸ்டர் ஓடிவந்து பார்த்தால் பெரியவருக்குப் பிரஷர் இறங்கிப்போயிருக்கிறது. டாக்டர் வந்து, குளுக்கோஸை வேகமாக ஏற்றி, உள்ளே ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, அவரை நிலைக்குக் கொண்டுவந்தார்களாம். நீ அந்த எண்ணை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கவே மாட்டேன், நீயும் யோசிக்காதே, நீ எழுதவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் துணி அடுக்குகிற அறையில் நீ நின்று அழுததும், படிப்பு முடிந்தது என்று நினைத்ததும், அந்தச் சிஸ்டர் தேடிக்கொண்டு வந்து, "எங்க, மாட்டு பாக்கலாம்" என்றதும், நீ ஸ்டெதாஸ்கோப்பை மாட்டியதும், அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்ததும் எல்லாம் அம்மா நடித்தே காட்டினாள். காதில் வைக்கிற முனை மூக்குப் பக்கம் பார்த்து இருக்க வேண்டுமாமே, நீ இத்தனை நாளும் பின்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி மாட்டியிருக்கிறாய், சத்தம் காதுக்குள் போகாமல் காதுச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. சிஸ்டர் அதைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு, தன் கையையே நீட்டி, "இப்பப் பாரு" என்றாராம். டக் டக் என்று கேட்டதும் நீ துள்ளிய துள்ளலில் அடுக்கின துணியெல்லாம் சரிந்து விழுந்ததாம். பாப்பா, என் வயிற்றில் பாலை வார்த்தாய். கதவைத் திருப்பி மாட்டிவிட்டுத் திறக்கவில்லை என்று அழுத கதையாக இருக்கிறது. நானும் ஒரு தடவை வாளிக்குக் கைப்பிடியை உள்பக்கமாக வைத்து அடித்தவன்தான், ஆனால் அதற்காகப் பட்டறையை மூடிவிட்டு ஓடவில்லை.

மாமாவுக்குத்தான் ஏமாற்றம். லீவு கிடைத்தும் போக இடமில்லாமல் இரண்டு நாள் என் பட்டறையில் உட்கார்ந்து எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தான். அம்மா உனக்கு இன்னொரு செட் யூனிஃபார்ம் தைத்துவைத்திருக்கிறாள், பாக்கெட்டைப் பெரிதாக வைத்திருக்கிறாளாம், கத்தரிக்கோல் விழுகிறது என்று சொன்னாயே, அதற்கு. ஷூவை ஒரு அளவு கூட்டி வாங்கு, நின்று நின்று கால் வீங்கும் என்று நீதான் எழுதியிருந்தாய். வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே, மயங்கி விழுந்தால் உனக்கும் சேர்த்து ஒரு கட்டில் போட வேண்டியிருக்கும். மருந்துக் கணக்கு வரவில்லை என்கிறாய், பயப்படாதே, பதறாத காரியம் சிதறாது, வரவில்லை என்றால் இதையும் போய்க் கேட்டுவிடு. கேட்டால் யாரும் துரத்த மாட்டார்கள் என்று இப்போது உனக்கே தெரிந்துவிட்டது.

அம்மா எழுதிய அந்தத் தகட்டை நான் இன்னும் வெட்டவில்லை. பெட்டி அடிக்கச் சொன்ன அந்தப் பிள்ளையின் அப்பா வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார், தகடு வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். நேற்று அவர் ஏதோ நீளமாகச் சொன்னார், வழக்கம்போல் தலையாட்டப் போனவன் உன்னை நினைத்துக்கொண்டு, "எனக்குக் கேக்கலீங்க, இன்னொருக்கா சத்தமா சொல்லுங்க" என்றேன். அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, திரும்பச் சொன்னார், பூட்டு இரண்டு வேண்டுமாம். காது மெஷின் விஷயமாக அம்மா உன்னிடம் ஏதாவது சொல்லியிருந்தால், யோசிக்கிறேன் என்று மட்டும் சொல். யோசிக்கத்தான் செய்கிறேன்.

உடம்பும் மனசும் திடமாக இருந்து, நீ தொடுகிற ஒவ்வொருவரும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகட்டும் என்று அம்மாவும் நானும் உன்னை வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. லீவுக்கு வரும்போது அந்த ஸ்டெதாஸ்கோப்பையும் பட்டையையும் கொண்டு வா. வந்ததும் முதல் வேலையாக என் கையில் கட்டிப் பார். எண்ணெல்லாம் எனக்கு வேண்டாம், நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சத்தம் உனக்குக் கேட்டால் மட்டும் தலையாட்டு. கேட்காமலே தலையாட்ட இந்த வீட்டில் நான் ஒருத்தன் போதும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா