கழற்றாத சட்டை

கே.கே. நகர், திருச்சி
ஆவணி முதல் வெள்ளி

அன்புள்ள கலையரசனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. பாதி பொய்யாகிவிடும் என்பதால் நிறுத்திக்கொண்டேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதாசி போடுகிறாள் என்று யோசிப்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அப்பா காதில் விழும். அதோடு உன் குரலைக் கேட்டால் நான் அழுவேனே தவிர விஷயத்தைச் சொல்ல மாட்டேன்.

பரோடாவில் மழை உண்டா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. உன்னை நீயே போட்டோ எடுப்பதுதான் உன் வேலை என்றால், அந்த உடம்பில் கொஞ்சம் சதை இருந்தால்தான் என்னவாம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா? அது ஹெர்னியா இல்லை, கலை. இடது மார்பில் கட்டி. கேன்சர். கேஸ் சிலிண்டர் தூக்கியதில் சதை பிசகிவிட்டது என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தொட்டுப் பார்க்கக்கூட விடவில்லை. டாக்டரம்மா நோயின் பேரைச் சொன்னதும், "இது பொம்பளைங்களுக்கு வர்றதாச்சேங்க" என்றார். ஆண்களுக்கும் அபூர்வமாக வரும் என்று அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். அப்பா எங்கே கேட்டார்! இடது பக்கத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது, முக்கியமாக உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அதை இன்றைக்கு உடைக்கிறேன். சாமி கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பிளாண்டில் அப்பாவோடு வேலை பார்த்த அருள்நாதன் அங்கிள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். "ஹெர்னியாவுக்குக் கைய ஏன்யா தூக்க முடியல?" என்று கேட்டுவிட்டார், பாவம். அப்பா முறைத்த முறைப்பில் காபியைக்கூட முடிக்காமல் கிளம்பிப் போனார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆபரேஷன் புண் ஆறின பிறகு மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். முதல் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். அடுத்த தடவை போனபோது அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பெண்கள். வேலைக்குப் புதுசு போலிருக்கிறது, ஒரு நர்ஸ் பொண்ணு நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்து நரம்பு தேட ஆரம்பித்துவிட்டது. "உங்க வீட்டுக்காரர வெளிய உக்காரச் சொல்லுங்கம்மா" என்றது. நான் அப்பாவைப் பார்த்தேன். என் கையில் ஊசி ஏறினாலும் ஏறட்டும், தான்தான் பேஷண்ட் என்று சொல்லாமல் தப்பித்தால் போதும் என்பது போல நின்றார். நான்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு பதறிப்போய் சாரி கேட்டது. "வண்டிய எடுத்துட்டு வரேன்" என்று வெளியே போனவர், அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை.

டாக்டரம்மா போன் மேல் போன் போடுகிறார். மருந்தைப் பாதியில் விட்டால் மறுபடி வரும், வந்தால் நம் கையில் இல்லை என்கிறார். அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், பட்டினியும் கிடந்து பார்த்தேன். அசைந்து கொடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது கலை.

ஆடி அமாவாசைக்கு ஸ்ரீரங்கம் போனோம். உன் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட அப்பா ஒரு வருஷமும் தவறினதில்லை, உனக்குத் தெரியும். காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. படித்துறை முழுக்க ஆண்கள் வெற்றுடம்போடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கிழவர், வாலிபர், தொப்பை, நோஞ்சான், எல்லா விதமும்தான். அப்பா மட்டும் முழுக்கைச் சட்டையோடு நின்றார். "சட்டையைக் கழட்டிட்டு உக்காருங்கோ" என்று தர்ப்பணம் பண்ணிவைக்கிற வாத்தியார் சொன்னார். சளி பிடித்திருக்கிறது என்றார் அப்பா. அப்படியானால் துண்டைப் போர்த்திக்கொள்ளலாமா என்று நான் கேட்டதற்கு, "துண்ட இடுப்புலன்னா கட்டிக்கணும்" என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அப்பாவின் கை பொத்தான் வரைக்கும் போனது. அங்கேயே நின்றுவிட்டது. எள்ளையும் தர்ப்பையையும் என் கையில் கொடுத்துவிட்டு விறுவிறு என்று படியேறிப் போய்விட்டார். பஸ்ஸில் வரும்போது, "எங்கப்பா இந்த வருஷம் தாகத்தோட போயிருப்பாருல்ல சுபா" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "அந்தப் பேப்பர் இருக்கா?" என்றார். எந்தப் பேப்பர் என்று நான் கேட்கவில்லை. சென்னை எக்ஸிபிஷன் சமயம் உன் படம் வந்ததே, அதுதான். அப்பாவின் காக்கி யூனிஃபார்ம் சட்டையைப் பொத்தான் போடாமல் மாட்டிக்கொண்டு, பாதி மீசையை மழித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய உன்னை நீயே எடுத்துக்கொண்ட படம். "எங்கள் வீட்டில் ஆண்கள் அழுது நான் பார்த்ததில்லை, அதனால் நான் அழுவதைப் படம் எடுத்து வைக்கிறேன்" என்று நீ சொன்னதாகக் கீழே போட்டிருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதானே அன்றைக்கு, மீசை முழுசாக வளர்கிற வரைக்கும் இந்த வாசற்படியை மிதிக்காதே என்று குதித்தார்! மீசை எப்போதோ வளர்ந்துவிட்டது. அப்பனும் பிள்ளையும்தான் இறங்கி வர மாட்டேன் என்கிறீர்கள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இவன் எப்படிடி இத ஊருக்கே காட்டினான்? வெக்கமா இருக்காதா இவனுக்கு?" என்றார். திட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அப்புறம் அழுதார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பார்க்காததைப் பார்த்தேன். பேப்பரில் அழுகிற நீயும் நாற்காலியில் அழுகிற அவரும் அச்சு அசல் ஒரே முகம். உதட்டைக்கூட ஒரே மாதிரி கோணிக்கொள்கிறீர்கள்.

ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து பீரோ கண்ணாடியைப் பழைய வேட்டி போட்டு மூடி வைத்திருந்தார். இப்போது அதை எடுத்துவிட்டார். கண்ணாடி முன்னால் நின்று மேல் பொத்தானைக் கழற்றுகிறார், அடுத்ததைக் கழற்றுகிறார். அதற்குக் கீழே கை போக மாட்டேன் என்கிறது. என் கால் சத்தம் கேட்டால் அவசர அவசரமாகப் போட்டுக்கொள்கிறார். நானும் கவனிக்காத மாதிரி சமையல்கட்டுக்குப் போய்விடுகிறேன்.

நீ வா கலை. உன்னை அவர் கூப்பிட மாட்டார். கூப்பிடத் தெரியாது. நான் கூப்பிடுகிறேன். முதலில் ஆஸ்பத்திரிக்கு அவரோடு நீ போ. யார் பேஷண்ட் என்று கேட்டால், எங்கப்பாதான் என்று நாலு பேர் காதில் விழ நீ சொல். புரட்டாசியில் மகாளய அமாவாசை வருகிறது. அன்றைக்கு அம்மா மண்டபத்துக்கும் கூடப் போ. அப்பா இருக்கிற பிள்ளை தர்ப்பணம் பண்ணக் கூடாது, நீ ஒன்றும் பண்ண வேண்டாம். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் சும்மா உட்கார். நீ கழற்றினால் அவரும் கழற்றுவார் என்று என் மனசுக்குப் படுகிறது.

கேமராவையும் எடுத்து வா. அவர் கேட்கவில்லை, நான்தான் சொல்கிறேன். கல்யாணத்துக்கு எடுத்ததையும் கம்பெனி அடையாள அட்டையில் இருப்பதையும் விட்டால் இந்த வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை.

பெரிய பேரோடும் நிறைஞ்ச ஆயுசோடும் இரு. அந்தப் படித்துறையில் உன் கையிலிருந்து அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விழுகிற நாளை ரங்கநாதர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா
சுபலட்சுமி